வீடில்லாதார் நடத்திய வீடு

குடும்பப் பகுதியிலே இத்தகைய பொருளையும் எடுத்துப் பேசுதல் தகுமோ என்று நேயர்கள் சிலர் ஐயுறக்கூடும். வீடு, தாய், பிள்ளை, சோறு என்பவற்றைப் பற்றிப் பேசுவதற்கன்றோ இப்பகுதி ஏற்பட்டது? இன்று நாம் சொல்லப் புகுவதும் அவற்றைப் பற்றியதே. நிகழ்ந்த இடம் மாத்திரம் தொலைவிலுள்ள நியூயோர்க் மாநகரம்; அதற்குரியோர் மாத்திரம் நம்மவர் பலர் முகங்கொடுத்துப் பேசவும் கூசுகின்ற பிள்ளைகள்.

1960 களில் அந்நகரின் 42 ஆம் வீதியிலும் கிறிஸ்தோபர் வீதியிலும் இராமுழுதும் அலைந்து திரிந்த இளையோர் பலர். ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழ விரும்பியோரும், தம் பாலாரையே காதலித்தோருமாகிய அவர்களுள் சிலர் வீட்டினின்றும் துரத்தப்பட்டவர். சிலர் அடி பொறாது தாமே ஓடிவந்தவர். ஆணொருவர் பெண்ணுடை உடுத்தியிருத்தலே பொலிஸார் கைது செய்யப் போதிய காரணமாயிருந்த காலம் அது. வேலை கொடுப்பார் அரியர். உடலை விற்றுப் பிழைப்பதொன்றே பலருக்கு எஞ்சிய வழி.

அவர்களுள் ஒருவர் சில்வியா ரிவேரா. 1951 இல் பிறந்து, மூன்று வயதிலே தாயை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தவர். முகத்திலே பூச்சும் மையும் தீட்டிக்கொண்ட பேரப் பிள்ளையைப் பாட்டியாற் பொறுக்க முடியவில்லை. பதினொரு வயதளவிலே பிள்ளை தெருவுக்கு வந்துவிட்டது. மற்றவர் மார்ஷா ஜோன்சன். 1945 இல் நியூ ஜேர்சியிற் பிறந்த கறுப்பினத்தவர். 1963 இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் 15 டொலரும் ஒரு பை உடுப்புமாக நகருக்கு வந்தவர். தெருவிலே சந்தித்த இவ்விருவரும் நண்பராயினர். மார்ஷா தமக்குத் தாய் போன்றவர் என்று சில்வியா பிற்காலத்திற் சொன்னார். ஆறு வயது மூத்த தாய்! அக்காமாரே தாயாய் நின்று தம்பி தங்கையரை வளர்த்த வீடுகள் நம்மிடையும் உள. ஆகவே இவ்வுறவு நமக்கு விளங்காததன்று.

1969 ஜூன் 28 ஆம் நாள் கிறிஸ்தோபர் வீதியிலுள்ள ஸ்டோன்வால் என்னும் மதுச்சாலையிற் பொலிஸார் புகுந்தபோது எழுந்த கலகத்தை உலகம் அறியும். நாம் சொல்ல வந்தது அதற்கு மறு ஆண்டு நிகழ்ந்ததை. 1970 இல் இவ்விருவரும் ‘ஸ்டார்’ என்னும் சங்கமொன்றை அமைத்தனர். சங்கம் என்றதும் தலைவர், பொருளாளர், ஆண்டறிக்கை என்று எண்ண வேண்டாம். வாகனத் தரிப்பிடமொன்றிற் கேட்பாரற்று நின்ற லொறிப் பெட்டியொன்றே அதன் முதல் இல்லம். தெருப்பிள்ளைகள் அதற்குள் உறங்கினர். ஒரு காலை இருவரும் உணவுப் பொருள்களோடு திரும்பி வருகையில், லொறிக்குரியவன் பிள்ளைகள் உள்ளே இருக்கவே அதனை ஓட்டிச் செல்லப் புறப்பட்டிருந்தான். பிள்ளைகள் குதித்துத் தப்பினர். குடித்தனம் அன்றோடு கலைந்தது.

அதன் பின்னர் கிழக்கு 2 ஆம் வீதியிலே பாழடைந்த கட்டடமொன்றை வாடகைக்குப் பிடித்தனர். மின்சாரம் இல்லை, குளிருக்குக் கணப்பும் இல்லை. கிடைத்ததைக் கொண்டு தாமே திருத்தினர். ஒரு மூலையில் மெழுகுவர்த்தியும் தூபமுமாக வழிபாட்டு மேடை அமைத்து, இரவு வெளியே செல்லுமுன் புனிதர்களை வேண்டிச் சென்றனர். வாடகைக்காகப் பெரியவர்கள் இருவரும் தெருவிலே நின்றனர். சிறுவர்கள் அவ்வாறு நிற்க நேரலாகாது என்பதே அவர்கள் கருத்து. பெரியவர்கள் என்றோம், அப்போது சில்வியாவுக்கு வயது 19, மார்ஷாவுக்கு 25. சிறுவர்கள் கடை வாசல்களில் உணவுப் பொருளைக் களவாடி வந்ததும் உண்டு. களவு களவே, அதனை நாம் மெச்சவில்லை. எனினும் அப்பிள்ளைகளின் சோற்றுக்குக் கணக்குக் கேட்பதாயின், முதலில் அவர்களைப் பெற்றோரிடமே கேட்டல் வேண்டும்.

கட்டடத்தின் மேன்மாடியிலே பள்ளிக்கூடமொன்று வைக்கவும் அவர்கள் எண்ணியிருந்தனர். மிகச் சிறு வயதிலே வீட்டைப் பிரிந்தமையால் எழுத வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் அங்கே இருந்தனர். பாடம் சொல்லிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வரலாற்றில் மற்றெல்லாவற்றினும் நெஞ்சில் தைத்தது இதுவே. கரும்பலகையும் வாங்குமும் மணியும் ஆயத்தமாயிருக்க, வந்த பிள்ளையின் நடையையும் குரலையும் கண்டு சக மாணவர் நகைக்க, ஆசிரியரும் உடனிருந்து நகைக்கும் வகுப்பறைகள் எத்தனை! அங்கேயோ ஆசிரியராக நின்றிருக்க வேண்டியவர்களே தெருவில் வளர்ந்தவர்கள். அப்பள்ளிக்கூடம் நடைபெறவில்லை. வாடகை கட்ட இயலாமல் 1971 இல் அவர்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர்.

பிறர் வெறுத்தமை வியப்பன்று. 1973 ஜூன் மாதம் வோஷிங்டன் சதுக்கத்திற் கூடிய தம்மவர் பேரணியிலேயே, சிறையிற் கிடக்கும் தோழர்களுக்காகப் பேச மேடையேறிய சில்வியாவைக் கூட்டத்தினர் கூச்சலிட்டு அவமதித்தனர். மதிப்போடு வாழத் தொடங்கியிருந்தோருக்குத் தெருப்பிள்ளைகள் இடையூறாகத் தோன்றினர் போலும். மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற சில்வியாவைக் காத்தவர் மார்ஷா.

அந்த மார்ஷாவின் உடல் 1992 ஜூலை 6 ஆம் நாள் ஹட்சன் ஆற்றிலே மிதந்தது. தற்கொலை என்று பொலிஸார் முடித்து வைத்தனர். நண்பர்கள் அதனை ஒப்பவில்லை; 2012 இல் விசாரணை மீண்டும் திறக்கப்பட்டது. சில்வியாவோ 1990 களில் அதே ஆற்றங்கரைத் துறைகளில் வீடின்றிக் கிடந்தார். பின்னர் புரூக்லினில், ‘ஸ்டார்’ இல்லத்தைப் பின்பற்றிச் சிலர் நடத்திய இல்லத்திலே தங்கினார். தேவாலயமொன்றிற் பசித்தோருக்கு உணவு வழங்கும் பணியையும் மேற்கொண்டார்.

மார்ஷாவின் பெயரை இன்று அந்நகரிலே ஒரு பூங்கா தாங்கி நிற்கின்றது. சில்வியாவின் பெயரை ஒரு தெருமுனை தாங்குகின்றது.

சில்வியா 2002 பெப்ரவரியிற் காலமானார். அவ்வாண்டே, 1997 இல் 22 வயதிலே ஹார்லெம் தெருவிற் சுட்டுக் கொல்லப்பட்ட அலி போர்ணி என்னும் வீடற்ற இளையவரின் பெயரால், வீட்டினர் கைவிட்ட இத்தகைய பிள்ளைகளுக்கென்றே நியூயோர்க்கில் ஒரு தங்குமிடம் திறக்கப்பட்டது. தேவாலயமொன்றின் நிலவறையிலே, ஆறு கட்டில்களோடு.