எங்கள் கைக்கு ஏற்ற கணனி



எங்கள் ஊர்களிலுள்ள மாதர் சங்கக் கட்டடங்கள் சிலவற்றில் அன்பளிப்பாக வந்த பழைய கணனிகள் ஒன்றிரண்டு இருக்கின்றன. ஏதாவதோர் அலுவலகம் புதியவற்றை வாங்கியபோது கழித்துவிட்டவை அவை. அவற்றுள் சிலவற்றில் இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பி என்ற பழைய இயங்குதளம்தான் இருக்கிறது. தட்டச்சுப் பழகவும், கடிதம் எழுதவும், சங்கக் கணக்கு வைக்கவும் அது போதும். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் பெண்கள் இருப்பதைப் பார்த்தால், தெரியாத ஒருவர் வீட்டு விறாந்தையில் கதிரை நுனியில் இருப்பது போலிருக்கும். "மிஸ், இதில கை வைச்சா பழுதாகிப் போகுமோ?" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் கேள்வி. பயிற்சி நிலையமொன்றில் "எதையும் மாற்றக்கூடாது" என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள்.

திரையின் தோற்றத்தை மாற்றினால் கணனி பழுதாகாது. மாற்றுவதற்கென்றே அந்த வசதிகளைச் செய்து வைத்திருக்கிறார்கள். இந்த மாதம் அவற்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எக்ஸ்பி 2001 ஒக்டோபர் 25ஆம் திகதி வெளிவந்தது. அதைத் திறந்ததும் ஒரு பச்சை மேடும் நீல வானமும் தெரியும். யாரோ கீறிய படம் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையான இடம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில், சார்ள்ஸ் ஓரியர் என்ற புகைப்படக்காரர் 1996இல் எடுத்தது. அங்கிருந்த முந்திரிகைத் தோட்டத்தில் பூச்சி விழுந்ததால் கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். அதன் பின்னர்தான் அந்த மேட்டில் புல் படர்ந்தது. அழிந்த தோட்டத்தின் மேல் முளைத்த புல்லைத்தான் உலகம் முழுவதும் அழகென்று பார்த்தது என்று சொன்னபோது, வகுப்பிலிருந்த ஓர் அக்கா சிரித்துவிட்டு, "எங்கட காணியும் அப்பிடித்தானே கிடந்தது" என்றார்.

இந்தப் படத்தை மாற்ற, திரையில் வெறுமையான இடத்தில் மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்துங்கள். வரும் பட்டியலில் கடைசியாக உள்ள புரோப்பர்ட்டீஸ் என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஒரு பெட்டி திறக்கும். அதில் டெஸ்க்டொப் என்ற பகுதியில் விரும்பிய படத்தைத் தெரிவு செய்து ஓகே கொடுத்தால் போதும். ப்ரவுஸ் என்பதை அழுத்தி உங்கள் சொந்தப் படத்தையும் போடலாம்.

சொந்தப் படம் என்றதும் ஒரு விடயம் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்புக்கு வரும் அம்மா ஒருவர், காணாமல் ஆக்கப்பட்ட தன் மகனின் பாஸ்போர்ட் அளவுப் படத்தைத் திரையில் போடுவித்தார். பிற்பகல் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் அதை எடுத்துவிட்டு ஒரு பூப்படத்தைப் போட்டுவிட்டார்கள். அவர்களிலும் பிழை சொல்ல முடியாது. அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை அவர் வகுப்புக்கும் வரவில்லை.

ஒரே கணனியைப் பலர் பாவிக்கும் இடங்களில் ஆளுக்கொரு கணக்குத் திறந்துவிட்டால் இந்தப் பிரச்சினை வராது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, கொன்ட்ரோல் பனல், அதற்குள் யூசர் அக்கவுண்ட்ஸ் என்று போனால், புதிய கணக்குத் திறக்கும் வழி அங்கே இருக்கிறது. நிலையத்துக்குப் பொறுப்பானவரின் கணக்கிலிருந்துதான் இதைச் செய்ய முடியும். ஒவ்வொரு கணக்குக்கும் தனிப் படம், தனி எழுத்தளவு, தனிக் கோப்புகள். கடவுச்சொல்லும் வைத்துக்கொள்ளலாம். எழும்பிப் போகும்போது லொக் ஓஃப் செய்தால் சரி. அந்த அம்மாவுக்கு ஒரு கணக்குத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இப்போது அவர் வருகிறார். ஒவ்வொரு நாளும் அந்தப் படத்தைப் பார்ப்பது அவருக்கு நல்லதா என்று என்னோடு வேலை செய்யும் சிலர் கேட்டார்கள். அது அவர் தீர்மானிக்க வேண்டியது என்பதே என் எண்ணம்.

இனிக் கண்ணைப் பார்ப்போம். எழுத்துத் தெரியாததால் முகத்தைத் திரையோடு ஒட்டி வைத்திருப்பவர்கள் பலர். அதே புரோப்பர்ட்டீஸ் பெட்டியில் அப்பியரன்ஸ் என்ற பகுதிக்குப் போய், எழுத்தளவை லார்ஜ் அல்லது எக்ஸ்ட்ரா லார்ஜ் ஆக்குங்கள். ஒரு கண்ணில் பார்வை குறைந்தவர்களுக்குக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து உதவும். இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், பிரிண்ட் ஸ்கிறீன் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்தினால், மாற்றவா என்று கணனியே கேட்கும். திரும்பவும் அந்த மூன்றையும் அழுத்தினால் பழையபடி வந்துவிடும்.

கைகளைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஷெல் காயத்தால் வலது கையை மணிக்கட்டோடு இழந்த தங்கச்சி ஒருத்தி, "தையலும் சரிவராது, இதுவும் சரிவராது" என்று வகுப்பின் கடைசி வரிசையில் இருந்தாள். பிரதி எடுப்பதற்குக் கொன்ட்ரோல் விசையையும் சி விசையையும் ஒன்றாக அழுத்த வேண்டுமே, ஒரு கையால் எப்படி என்பது அவளுடைய கேள்வி. தூரத்தில் இருக்கும் இரண்டு விசைகளென்றால் இன்னும் கஷ்டம்.

இதற்கு எக்ஸ்பியில் ஸ்டிக்கி கீஸ் என்றொரு வசதி உண்டு. ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் ஒரு சிறு பெட்டி வரும், ஓகே கொடுங்கள். அதன் பிறகு விசைகளை ஒன்றாக அழுத்தத் தேவையில்லை. முதலில் கொன்ட்ரோல், கையை எடுத்துவிட்டு சி. இரண்டையும் சேர்த்து அழுத்தியதாகக் கணனி எடுத்துக்கொள்ளும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: வேறு யாராவது வந்து இரண்டு விசைகளை ஒன்றாக அழுத்தினால் இந்த வசதி நின்றுவிடக்கூடும். சிறிது நேரம் கணனியைத் தொடாமல் விட்டாலும் நிற்கலாம். கொன்ட்ரோல் பனலில் அக்செஸிபிலிற்றி ஒப்ஷன்ஸ் என்பதற்குள் போய், அவற்றுக்குரிய சரி அடையாளங்களை எடுத்துவிட்டால் நிற்காது.

இடது கையால் மவுஸ் பிடிப்பவர்கள், கொன்ட்ரோல் பனலில் மவுஸ் என்பதைத் திறந்து இரு பொத்தான்களின் வேலையையும் இடம் மாற்றலாம். கை நடுக்கத்தால் இரட்டைச் சொடுக்கு வராதவர்கள் அதன் வேகத்தை அங்கேயே குறைக்கலாம். மவுஸே பிடிக்க முடியாதவர்களுக்கு மவுஸ் கீஸ் இருக்கிறது. இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம் லொக் மூன்றையும் அழுத்தி அதைத் தொடக்கலாம். பிறகு வலப்பக்க எண் விசைகளில் 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம், நடுவிலுள்ள 5 சொடுக்கு. மெதுவாகத்தான் நகரும். ஆனாலும் நகரும்.

இவையெல்லாம் பிறகு யாரோ இரக்கப்பட்டுச் சேர்த்தவை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து ட்ரேஸ் ஆய்வு நிலையத்தில் மாற்றுத்திறனாளிகளுக்காக உருவான வசதிகள் இவை. 1995இல் வந்த விண்டோஸ் 95இலேயே இவை உள்ளடக்கப்பட்டிருந்தன. இத்தனை வருடங்களாகக் கணனிக்குள் இருந்ததை எங்கள் வகுப்புகளில் சொல்லித் தராமல் விட்டதுதான் எனக்கு ஆத்திரம். அந்தத் தங்கச்சி இப்போது தன் சங்கத்தின் கூட்ட அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிறாள்.

சத்தமும் ஒரு பிரச்சினை. பிழையாக ஏதும் அழுத்தினால் கணனி திடீரென்று ஒலி எழுப்பும். அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு உடம்பு நடுங்குபவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். கொன்ட்ரோல் பனலில் சவுண்ட்ஸ் அண்ட் ஓடியோ டிவைசஸ் என்பதில், சவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் நோ சவுண்ட்ஸ் என்று வைத்துவிடுங்கள். குண்டுச் சத்தத்தில் காது கேளாமற் போனவர்களுக்கு மாறான வசதி உண்டு. அக்செஸிபிலிற்றி ஒப்ஷன்ஸில் சவுண்ட் சென்ட்ரி என்பதைத் தெரிவு செய்தால், ஒலி வரும்போது திரையில் ஒரு பகுதி மின்னிக் காட்டும்.

ஓர் எச்சரிக்கை. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. ஆகவே இந்தக் கணனிகளை இணையத்தோடு இணைக்க வேண்டாம். வங்கி அலுவல்களை இவற்றில் செய்யவே வேண்டாம். கண்ட கண்ட பென் டிரைவையும் செருக விடாதீர்கள்.

மாற்றியது பிடிக்காவிட்டால் என்ன செய்வது? புரோப்பர்ட்டீஸ் பெட்டியில் தீம்ஸ் என்ற முதற் பகுதியில் விண்டோஸ் எக்ஸ்பி என்பதைத் தெரிவு செய்தால், பச்சை மேடும் நீலப் பட்டையும் திரும்ப வந்துவிடும். கீழே இருக்க வேண்டிய பட்டை பக்கவாட்டுக்குப் போய்விட்டது என்றும் பலர் பயந்து கூப்பிடுகிறார்கள். அந்தப் பட்டையின் வெறுமையான இடத்தில் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, லொக் த டாஸ்க்பார் என்பதற்கு முன்னாலுள்ள அடையாளத்தை எடுங்கள். பிறகு இடப்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பட்டையைக் கீழே இழுத்து விடுங்கள். இருந்த இடத்துக்கு வந்ததும் மறுபடி அந்த அடையாளத்தைப் போட்டுவிட்டால் அது அசையாது.