பின் ஸீட்டின் புகழ்

பழைய கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், "அம்பாஸிடருக்கு ஈடு உண்டா?" என்று யாராவது மேஜையைத் தட்டிவிடுகிறார். உண்டு, ஐயா! பம்பாய் குர்லாவில் தயாராகி, எழுபதுகளில் பத்மினி என்று பெயர் மாறிய பியட்.

கணக்கைப் பார்ப்போம். அம்பாஸிடரின் என்ஜின் 1489 ஸி.ஸி.; பியட்டினுடையது 1089. அதிகப்படியான அந்த நானூறு எங்கே போயிற்று? சொந்த இரும்பைச் சுமக்கப் போயிற்று. சுமார் 50 குதிரைச் சக்தி 1100 கிலோவை இழுத்தது. சுமார் 40 குதிரைச் சக்தி 900 கிலோவை இழுத்தது. வகுத்துப் பாருங்கள், குதிரைக்குச் சுமை ஏறக்குறைய ஒன்றேதான். பெட்ரோல் பில் மட்டும் ஒன்றல்ல.

விசாலத்தை நான் மறுக்கவில்லை. கல்யாணத்துக்கு எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு, வண்டிப்பாதையிலும் கௌரவமாகப் போகும். ஆனால் இந்தப் புகழைப் பரப்பியவர்கள் மந்திரிகளும் கலெக்டர்களும். அவர்கள் கியரைத் தொட்டதுண்டா? இரண்டு வண்டிக்கும் கியர் ஸ்டியரிங் தண்டில்தான். பியட்டில் விரல் போதும். அம்பாஸிடருக்குத் தோள் வேண்டும்.

அம்பாஸிடர் 2014 வரை உற்பத்தியானதே என்பார்கள். சர்க்கார் வாங்கிக்கொண்டே இருந்தால் கட்டை வண்டிக்கும் ஆயுள் நீளும். பத்மினியோ தயாரிப்பு நின்று இருபது வருஷத்துக்கு மேலாகியும், 2023 அக்டோபர் வரை பம்பாயில் டாக்ஸியாக உழைத்தது. கல்கத்தாவில் மஞ்சள் அம்பாஸிடரும் உழைத்ததே என்றால், சரி, அதை ஓட்டியவர் வந்து வாதாடட்டும். பின் ஸீட்டில் சாய்ந்து வந்தவரோடு எனக்குப் பேச்சில்லை.