காணி உறுதி யாருக்கு, பங்குப் பத்திரம் யாருக்கு?

"முதலில் வயிறு நிறையட்டும், அரசியலைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்" என்று உபதேசிப்போர் ஆசிய நாடுகள் தோறும் உளர். "ஆட்சி கைக்கு வந்தால் அபிவிருத்தி தானே வரும்" என்று முழங்குவோரும் உளர். இவ்விரு சாராரும் பொருளாதாரத்தையும் அரசியலையும் தனித்தனி வரம்பு கட்டிய இரு வயல்களாகக் கருதுகின்றனர். ஒரே வாய்க்காலின் நீரே இரண்டிலும் பாய்கிறது என்பதை மறந்துவிடுகின்றனர். நிலத்தை உடையவனிடம் ஆட்சி சென்று சேர்கிறது. ஆட்சியை உடையவன் நிலத்துக்கு உறுதி எழுதுகிறான். தாய்வான், பிலிப்பைன்ஸ் ஆகிய இரு நாடுகளின் வரலாறு இதனைத் தெள்ளத் தெளிவாகக் காட்டுகிறது.

1949ஆம் ஆண்டிலே சீனப் பெருநிலத்தைப் பொதுவுடைமையாளரிடம் இழந்த கோமிந்தாங் கட்சி, தாய்வான் தீவிலே தஞ்சம் புகுந்தது. அத்தீவிலே வாரக்குடிகள் விளைவிற் பாதியையும், சில இடங்களில் அதற்கு மேலும், காணிக்காரனுக்கு அளந்து கொடுத்து நலிந்திருந்தனர். அவ்வாண்டிலேயே மாகாண ஆட்சித் தலைவர் சென் செங், வாரம் பிரதான விளைவில் நூற்றுக்கு 37.5 பங்குக்கு மேற்படலாகாது என விதித்தார். 1951இல் அரசாங்கக் காணிகள் உழவருக்கு விற்கப்பட்டன. 1953இல் "உழுபவனுக்கே நிலம்" என்னும் சட்டம் வந்தது. வாரத்துக்கு விட்ட காணியில் ஏறத்தாழ ஏழு ஏக்கர் நடுத்தர வயலை மாத்திரம் உடையவன் வைத்திருக்கலாம்; எஞ்சியதை அரசாங்கம் வாங்கி, உழுதவனுக்கே விற்றது. விலை ஓராண்டுப் பிரதான விளைவின் இரண்டரை மடங்கு; பத்தாண்டுத் தவணையில் செலுத்தலாம்.

காணியை இழந்தவனுக்கு என்ன கிடைத்தது? நட்ட ஈட்டில் நூற்றுக்கு எழுபது பங்கு, நெல்லாலும் வற்றாளைக் கிழங்காலும் மதிப்பிடப்பட்ட பிணைப் பத்திரமாக வழங்கப்பட்டது. எஞ்சிய முப்பது பங்குக்கு, சீமெந்து, கடதாசி முதலிய துறைகளில் அரசாங்கம் நடத்திய நான்கு கம்பெனிகளின் பங்குப் பத்திரங்கள் கொடுக்கப்பட்டன. உழவன் கையிலே காணி உறுதி. காணிக்காரன் கையிலே பங்குப் பத்திரம். வாரத்தில் வாழ்ந்த வகுப்பின் பணம் கைத்தொழிலை நோக்கித் திரும்பியது; வாரம் அளந்தவனோ மிச்சம் பிடித்துப் பிள்ளைகளைப் படிப்பித்தான்.

இஃது ஆட்சியாளரின் கருணையால் விளைந்தது என்று எவரும் எண்ணற்க. சீனத்திலே குடியானவரைக் கைவிட்டதனால் ஆட்சியையே இழந்தோம் என்ற அச்சம் அவர்களை உந்தியது. அன்றியும், வெளியிலிருந்து வந்த அக்கட்சியாருக்குத் தாய்வான் நிலக்கிழார்களோடு கொண்டான் கொடுத்தான் உறவு இருக்கவில்லை. அவர்கள் வெட்டியது பிறர் வீட்டு மரம். 1947இலே ஆயிரக்கணக்கான தாய்வானியரைக் கொன்று குவித்ததும் அதே ஆட்சிதான். 1949 முதல் 1987 வரை இராணுவச் சட்டத்தின் கீழ் மக்களை வாய் கட்டி வைத்ததும் அதுவேதான். நிலத்தை ஒரு கையாற் கொடுத்து, உரத்துக்கு நெல் என்னும் பண்டமாற்றினால் மறு கையால் நெல்லை மலிவாக வாங்கிக்கொண்டது. அம்முறை ஒழிய 1973ஆம் ஆண்டு வரை உழவர் காத்திருக்க நேர்ந்தது.

ஆயினும், உறுதி பெற்றவன் என்றென்றும் ஊமையாய் இருப்பதில்லை. உழவரின் பிள்ளைகள் கற்றனர், தொழிற்சாலைகள் பெருகின, கற்றோரும் உழைப்போரும் ஆட்சியில் தமது பங்கைக் கேட்டனர். 1986இல் எதிர்க்கட்சி தோன்றியது. 1987இல் இராணுவச் சட்டம் நீங்கியது. 1988 மே மாதத்தில், பிறநாட்டு விளைபொருள் இறக்குமதியை எதிர்த்து உழவர்கள் தலைநகர் வீதிகளில் இறங்கினர். 1996இல் மக்களே ஜனாதிபதியைத் தெரிவு செய்தனர். 2000ஆம் ஆண்டில் வாக்குச் சீட்டினால் ஆட்சி மாறியது. அரசியல் செய்த நிலச் சீர்திருத்தம் பொருளாதாரத்தை மாற்றியது. மாறிய பொருளாதாரம் அரசியலைத் திருத்தியது.

இனிப் பிலிப்பைன்ஸ் நாட்டைப் பார்ப்போம். 1946இல் சுதந்திரம் பெற்றபோது அங்கே தேர்தலும் சட்டசபையும் பத்திரிகைகளும் இருந்தன. ஆனால் அவ்வாண்டுத் தேர்தலிலே மத்திய லூசோன் குடியானவரின் ஆதரவோடு வென்ற ஆறு உறுப்பினர்களுக்குச் சபையில் ஆசனம் மறுக்கப்பட்டது. வாக்குப் பயனற்றுப் போகவே, ஹுக் கிளர்ச்சி கிராமங்களில் மூண்டெழுந்தது. 1963இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. நிலக்கிழார் குடும்பங்கள் வீற்றிருந்த சபை அதன் பற்களைப் பிடுங்கியே நிறைவேற்றியது. 1972இல் சர்வாதிகாரியான மார்க்கோஸ் பிறப்பித்த கட்டளையோ நெல்லும் சோளமும் விளையும் காணிகளோடு நின்றது. கரும்புக்கும் தென்னைக்கும் தீண்டாத வரம் கிடைத்தது.

மார்க்கோஸ் 1986இல் வீழ்ந்தபின் 1988இல் வந்த புதிய சட்டம், காணிக்குப் பதிலாகப் பங்குப் பத்திரம் கொடுக்கவும் வழி திறந்து வைத்தது. ஜனாதிபதி கொராசன் அக்கினோ பிறந்த குடும்பத்தின் ஹசியெண்டா லூயிசித்தா என்னும் கரும்புத் தோட்டம் 1989இல் அவ்வழியே சென்றது. தாய்வானிலே காணிக்காரனுக்குக் கொடுத்த பங்குப் பத்திரம் இங்கே தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்டது; காணியோ காணிக்காரனிடமே இருந்தது! 2004 நவம்பரில் அத்தோட்டத்து வேலை நிறுத்தத்திலே எழுவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். காணியைப் பகிர்ந்து கொடுக்குமாறு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011ஆம் ஆண்டில். ஒரு தலைமுறை வீணாகக் கழிந்தது.

"பார்த்தீர்களா, முன்னேற்றத்துக்குச் சர்வாதிகாரமே தக்கது" என்று சிலர் இதிலிருந்து முடிவு கட்டுவர். மார்க்கோஸ் சர்வாதிகாரி இல்லையா? அவர் ஆட்சி ஏன் நாட்டைக் கடனில் ஆழ்த்தியது? மறுபுறத்தே கேரளத்தை நோக்குக. 1957இல் வாக்குகளால் வந்த அரசாங்கம் நிலச் சட்டத்தைத் தொடங்கியது. 1959இல் அது கலைக்கப்பட்டது. எனினும் அதே சட்டசபை வழியாகவே 1970 ஜனவரி முதலாந் திகதி குத்தகை முறை ஒழிந்தது. தோட்டக் காணிகள் தப்பின; கூலியுழவருக்குக் குடியிருப்பு நிலத்துக்கு மேல் அதிகம் கிட்டவில்லை. இக்குறைகள் இருப்பினும், குடியானவர் கட்டுக்கோப்பாய் நின்றால் வாக்குச் சீட்டும் வரம்பை நகர்த்தும் என்பதற்குக் கேரளம் சான்று.

எமது தீவிலும் 1958இல் பிலிப் குணவர்த்தனா நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். வாரத்துக்கு எல்லை கட்டி, குடிக்கு நிலைபேறு அளிக்க அச்சட்டம் முயன்றது. உடைமையை மாற்ற முற்படவில்லை. மந்திரிசபைக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு மூண்டது. 1959இல் அவர் அரசாங்கத்தை விட்டு விலகினார். சட்டத்தின் நிழல் தம்மீது படியுமுன்னரே வயலிலிருந்து வெளியேற்றப்பட்ட குடிகள் பலர். கடுதாசியிலே உரிமை எழுதினாலும், அதைக் காக்கும் அரசியற் பலம் இல்லையேல் அவ்வுரிமை வரம்பிலே வைத்த நெருப்புப் போல் அணைந்துவிடும்.

ஆகவே, நாம் கமக்காரரை வேண்டுவது இது: அபிவிருத்தித் திட்டம் என்று எவர் எதைக் கொண்டுவரினும், வீதியின் நீளத்தையும் அணையின் உயரத்தையும் கேட்பதற்கு முன், உறுதி யார் பெயரில் முடிகிறது என்று கேளுங்கள். சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, உத்தியோகத்தர்களே! அந்த உறுதியை வாசித்துக் கமக்காரனுக்கு விளக்கும் கல்வி உங்களிடம் இருக்கிறது. உங்களிற் பலரைப் படிப்பித்த பணமும் ஏதோ ஒரு வயலில் விளைந்ததுதான். அக்கடனைத் தீர்க்க வேறு வழி தேட வேண்டியதில்லை.