கொடி ஒட்டிய உணவு வண்டி

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் வாழும் எனது தங்கையின் பேர்த்தி பதினோராம் தரத்தில் படிக்கிறாள். ஒன்ராறியோ மாகாணத்தில் அந்தத் தரத்து மாணவர்கள் தெரிவுசெய்யக்கூடிய பாடங்களில் 'உணவும் பண்பாடும்' என்பதும் ஒன்று. அந்தப் பாடத்துக்காக அவளது ஆசிரியை ஒரு செயற்றிட்டத்தைக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு மாணவரும் ஒரு நாட்டைத் தெரிவுசெய்து, அந்நாட்டு உணவுகளை விற்கும் நடமாடும் உணவு வண்டி ஒன்றை வடிவமைக்க வேண்டும். வண்டிக்கு ஒரு பெயர், ஐந்து உணவுகள் கொண்ட பட்டியல், விலைகள், வண்டியின் பக்கச்சுவரில் தீட்டுவதற்கு ஒரு படம். அந்தப் படத்தில் நாட்டின் தேசியக்கொடி கட்டாயம் இடம்பெற வேண்டும். அதற்கெனத் தனியாக ஐந்து புள்ளிகள்.

பிள்ளை முதலில் எத்தியோப்பியாவைத்தான் விரும்பியிருக்கிறாள். அவளது சிநேகிதியின் வீட்டில் இஞ்செராவைச் சாப்பிட்டுப் பழகியவள். "உன்னுடைய சொந்த நாட்டைச் செய்தால் இன்னும் நன்றாக இருக்குமே" என்று ஆசிரியை அன்பாகச் சொல்ல, கனடாவில் பிறந்த பிள்ளைக்கு இலங்கை வாய்த்தது. ஒடியல் கூழ், இடியப்பமும் சொதியும், கொத்துரொட்டி, சீனிச்சம்பலும் பாணும், வட்டிலப்பம் என்று அரைமணி நேரத்தில் பட்டியல் தயாராகிவிட்டது. கொடியில் வந்துதான் வேலை நின்றது. எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"தாத்தா, கொடி போடாட்டா ஐஞ்சு புள்ளி போயிடும். போட்டா அம்மம்மா என்னோட கதைக்கமாட்டா. நான் என்ன செய்யிறது?"

பத்திரிகைத் தொழிலில் நாற்பது வருடங்களைக் கழித்தவன் நான். இதைவிடச் சிக்கலான கேள்விகளை அமைச்சர்களிடம் கேட்டு அவர்களைத் திணறடித்ததாக எண்ணிப் பெருமைப்பட்டதும் உண்டு. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல உடனடியாக என்னிடம் பதில் இருக்கவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்று அமைச்சர்கள் சொல்வதையே நானும் சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

அந்தக் கொடி தொடர்பில் எமது மக்களுக்கு இருக்கும் மனத்தாங்கல்களை இங்கு விளக்கவேண்டிய தேவையில்லை. அதுவல்ல இந்தப் பத்தியின் விடயம். வட அமெரிக்காவின் பல பாடசாலைகளில் இத்தகைய உணவு வண்டிச் செயற்றிட்டங்கள் நடத்தப்படுகின்றன. அந்த முறையை நான் குறைசொல்ல வரவில்லை. எமது காலத்தில் உலக நாடுகளைப் பற்றிய பாடம் என்றால் தலைநகரையும் ஏற்றுமதிப் பொருளையும் மனனம் செய்வதுதான். அதனுடன் ஒப்பிட்டால், ஒரு பட்டியலைத் தயாரித்து, விலையைக் கணக்கிட்டு, வாங்குபவரின் மனதையும் எண்ணிப் பார்க்கும் பயிற்சி எவ்வளவோ மேலானது. எனது கேள்வி வேறு. ஒரு நாடு, ஒரு கொடி, ஐந்து உணவுகள் என்ற கணக்கில் உலகத்தின் சமையலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா?

பேர்த்தியின் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. சம்பலும் வட்டிலப்பமும் மலாய் மக்களுடன் தொடர்புடையவை. எஞ்சியிருப்பவற்றில் யாழ்ப்பாணத்தவர்கள் மார்தட்டி உரிமை கோருவது ஒடியல் கூழுக்குத்தான். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்தெடுத்த மாவில், மீனும் நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் சேர்த்துக் காய்ச்சி, பிளாவில் ஊற்றி, மரநிழலில் கூடியிருந்து குடிப்பது. அதில் போடும் மரவள்ளிக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. செத்தல் மிளகாய் மெக்சிக்கோவின் பயிர். கொலம்பஸ் 1492 இல் கடல் கடந்த பின்னரே அவையிரண்டும் எமது பக்கம் வந்தன. போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தது 1505 இல். அதற்கு முன்னர் எமது முன்னோரின் உறைப்பு மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு மிளகு போன்ற காய் என்று பெயர் வைத்து, அதைத் தம்முடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஆக, எமது கூழின் உறைப்புக்கு ஒரு கொடியை ஒட்டவேண்டுமானால் மெக்சிக்கோவின் கொடியைத்தான் ஒட்டவேண்டியிருக்கும்.

மெக்சிக்கோவைத் தெரிவுசெய்த மாணவருக்கும் இதே சங்கடம் காத்திருக்கிறது. அந்நாட்டின் தெருக்களில் புகழ்பெற்ற 'அல் பஸ்தோர்' டாக்கோவில் செங்குத்தான கம்பியில் இறைச்சியைக் குத்திச் சுழலவிட்டுச் சீவுவார்கள். லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாவின் முறை அது. ஆட்டிறைச்சியின் இடத்தைப் பன்றியிறைச்சி பிடித்துக்கொண்டது. ரொட்டியின் இடத்துக்குச் சோளத்தட்டை வந்தது. வியட்நாமைத் தெரிவுசெய்தவர் பட்டியலின் முதலில் எழுதக்கூடிய 'பான் மீ' பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற பாணில் செய்யப்படுவது. அதை வட அமெரிக்காவின் நகரங்களுக்குக் கொண்டு சென்றவர்களில் பெரும்பாலானவர்கள் 1975 இல் சைகோன் வீழ்ந்த பிறகு படகேறியும் விமானமேறியும் வந்த அகதிகள். உணவு இடம்பெயரும்போது அதைத் தூக்கிக்கொண்டு மனிதர்களும் இடம்பெயர்ந்திருப்பார்கள். எப்போதும் விரும்பி இடம்பெயர்ந்திருப்பார்கள் என்றில்லை.

உணவு வண்டி என்ற பொருளே அந்தக் கதையைச் சொல்வதற்கு மிகவும் பொருத்தமானது என்பதுதான் எனது ஆதங்கத்துக்குக் காரணம். வாடகைக்குக் கடை எடுக்க வசதியில்லாதவர், புதிய ஊரில் பெயரில்லாதவர், மொழி பிடிபடாதவர் முதலில் ஏறுவது வண்டியில்தான். லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் கட்டட வேலைத்தளங்களுக்கும் தொழிற்சாலை வாசல்களுக்கும் மெக்சிக்கோ வழிவந்தவர்கள் பல தசாப்தங்களாக டாக்கோ வண்டிகளை ஓட்டினார்கள். 2008 ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிர்வாகம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. வண்டி ஒரே இடத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் 1,000 டொலர் வரையான அபராதம் அல்லது சிறை என்றது அந்த விதி. அவ்வாண்டிலேயே நீதிமன்றம் அதைச் செல்லுபடியற்றதாக்கியது. அதே 2008 நவம்பரில், சியோலில் பிறந்து லொஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்த ரோய் சோய் என்ற சமையற்கலைஞரும் அவரது நண்பர்களும் 'கோகி' என்ற வண்டியை ஓட்டத் தொடங்கினார்கள். கொரிய முறையில் ஊறவைத்துச் சுட்ட விலா இறைச்சி மெக்சிக்கோவின் சோளத்தட்டையில் வைத்து விற்கப்பட்டது. வண்டி எங்கே நிற்கப்போகிறது என்பதை ட்விட்டரில் அறிவித்தார்கள், நள்ளிரவில் வரிசை நீண்டது, பத்திரிகைகள் கொண்டாடின. சில மாதங்களுக்கு முன்னர் இடைஞ்சலாகக் கருதப்பட்ட ஒரு தொழில், நாகரிகமாகிவிட்டது. கோகியின் உணவு சுவையற்றது என்றோ அதன் புகழ் தகுதியற்றது என்றோ நான் சொல்லவில்லை. ஆனால், எந்தக் கொடியை அந்த வண்டியில் ஒட்டுவது?

பேர்த்தியின் ஆசிரியை தேடவேண்டிய பாடம் அவரது சொந்த நகரத்திலேயே இருக்கிறது. ரொறன்ரோ மாநகரசபை ஒருமுறை இதே செயற்றிட்டத்தை உண்மையாகவே செய்து பார்த்தது. நூற்றுக்கும் அதிகமான மொழிகள் பேசப்படும் அந்த நகரத்தின் தெருக்களில் நீண்டகாலமாக விற்கப்பட்டது பெரும்பாலும் ஹொட் டோக் மாத்திரமே. உணவுப் பாதுகாப்பு தொடர்பான மாகாண விதிகள் அதற்குமேல் இடங்கொடுக்கவில்லை. 2007 இல் விதி தளர்த்தப்பட்டது. 2009 மே மாதத்தில் 'ரொறன்ரோ ஆ லா கார்ட்' என்ற பரீட்சார்த்தத் திட்டம் எட்டு விற்பனையாளர்களுடன் ஆரம்பிக்கப்பட்டது. நகரத்தின் பன்முகத்தன்மையைத் தெருவில் பரிமாறப் போவதாக அறிவித்தார்கள்.

திட்டம் தோற்றது. சமைத்தவர்களின் கைப்பக்குவத்தில் எந்தக் குறையும் இல்லை. வண்டியை வடிவமைத்தது மாநகரசபை. அந்த வண்டியைத்தான் வாங்கவேண்டும் என்ற நிபந்தனை. விலை ஏறத்தாழ 30,000 டொலர். அதைத் தள்ளுவதற்கே ஆள் போதாது. நிற்கும் இடத்தையும் மாநகரசபையே ஒதுக்கியது. அதற்குத் தனிக் கட்டணம். கடன்பட்டு வந்தவர்கள் நட்டத்தில் மூழ்கினார்கள். 2011 இல் திட்டத்துக்கு மூடுவிழா நடந்தது. நல்லெண்ணம் படைத்த அலுவலர்கள் பலர் மேசையில் அமர்ந்து உலக உணவுகளுக்கு ஒரு வண்டியைக் கற்பனை செய்தார்கள். அந்த வண்டிக்குள் நாள் முழுவதும் நிற்கப்போகும் மனிதரிடம் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. எனது பேர்த்தியின் செயற்றிட்டத் தாளைப் படித்தபோது எனக்கு அந்தத் திட்டத்தின் ஞாபகமே வந்தது.

ஆகவே நான் அவளுக்குத் திரும்பத் தொலைபேசி எடுத்து, கொடியைப் பிறகு பார்க்கலாம், முதலில் வண்டிக்குள் ஏறு என்றேன். தண்ணீர் எங்கிருந்து வரும்? கழிவுநீர் எங்கே போகும்? இரண்டுக்கும் தொட்டிகள் வேண்டும். அமெரிக்காவின் மாதிரி உணவு விதிக்கோவை கழிவுநீர்த் தொட்டி நன்னீர்த் தொட்டியைவிட 15 சதவீதம் பெரியதாக இருக்கவேண்டும் என்று சொல்கிறது. ஒன்ராறியோவில் சூடான உணவை 60 பாகை செல்சியசுக்குக் குறையாமலும், குளிரூட்டிய உணவை 4 பாகைக்கு மேற்படாமலும் வைத்திருக்கவேண்டும். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு உன்னுடைய ஐந்து உணவுகளையும் ஒவ்வொன்றாகப் பார் என்றேன்.

அவள் பார்த்தாள். இடியப்பம் முதலில் விழுந்தது. அவித்து நேரஞ்சென்றால் வரண்டுவிடும். ஒவ்வொருவருக்கும் அந்தந்த நேரத்தில் பிழிந்து அவிக்க வண்டியில் இடமும் இல்லை, கையும் இல்லை. கொத்துரொட்டி வண்டிக்கென்றே பிறந்த உணவு. சூடான தகடு ஒன்று போதும். கொத்தும் சத்தமே விளம்பரம். கூழ்தான் அவளை வியக்கவைத்தது. ஒரே பானை, நாள் முழுவதும் சூட்டில் நிற்கும், கரண்டியால் அள்ளி ஊற்றினால் முடிந்தது. ஆனால், ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்பு நீரை வடிக்க நன்னீர் வேண்டும். அது வண்டியில் முடியாது, வீட்டில் செய்துகொண்டுதான் வரவேண்டும். வீட்டுச் சமையலறையில் செய்ததை விற்க அனுமதி உண்டா என்று அவளே அடுத்த கேள்வியைக் கேட்டாள். அதற்குப் பதில் தேடிப் பொதுச் சுகாதார அலுவலகத்தின் பக்கங்களை ஒரு மாலை முழுவதும் வாசித்திருக்கிறாள். நண்டு, இறால், மீன் ஒவ்வாதவர்களுக்கு எச்சரிக்கை எழுத வேண்டும் என்பதையும் அங்குதான் கண்டாள்.

நியூயோர்க்கின் வொஷிங்டன் சதுக்கப் பூங்காவில் 2001 இல் தோசை வண்டி போட்ட யாழ்ப்பாணத்தவரான திரு குமாரைப் பற்றியும் அவளுக்குச் சொன்னேன். பாலோ நெய்யோ சேராத தாவர உணவு மாத்திரமே விற்றவர். பல்கலைக்கழக மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். 2007 இல் அந்நகரத் தெரு விற்பனையாளர்களுக்கான 'வெண்டி' விருது அவருக்குக் கிடைத்தது. நியூயோர்க்கில் உணவு வண்டிகளுக்கான அனுமதிப்பத்திரங்களுக்கு 1983 இலேயே ஏறத்தாழ 3,000 என்று உச்சவரம்பு போடப்பட்டது. சில நூறு டொலர் பெறுமதியான பத்திரம் கறுப்புச் சந்தையில் 20,000 டொலருக்கும் மேல் கைமாறிய நகரம் அது. 2021 இல்தான் புதிய அனுமதிகளைப் படிப்படியாக வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவரது பட்டியலில் பாண்டிச்சேரித் தோசை என்று ஒன்று இருந்ததைக் கேட்டுப் பேர்த்தி சிரித்தாள். யாழ்ப்பாணத்தவர், பாண்டிச்சேரிப் பெயர், நியூயோர்க் பூங்கா. "அப்ப அவர் எந்தக் கொடி போட்டவர்?" என்று கேட்டாள். சாப்பிட வந்தவர்கள் யாரும் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன் என்றேன்.

புலம்பெயர்ந்த நாட்டுப் பாடசாலையைப் பற்றி இவ்வளவு எழுதும்போது, எமது நாட்டின் நிலை என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். அம்பாந்தோட்டையில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு ஒடியல் கூழைப் பற்றியும், வல்வெட்டித்துறையில் படிக்கும் பிள்ளைக்கு லம்ப்ரைசைப் பற்றியும் எந்த வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம்? ஸ்காபரோவின் ஆசிரியையாவது கேட்டிருக்கிறார். இதற்குமேல் இதை எழுதினால் வேறொரு கட்டுரையாகிவிடும்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை செயற்றிட்டத்தின் படத்தை அனுப்பியிருந்தாள். வண்டியின் பெயர் 'பிளா'. பட்டியலில் ஐந்துக்குப் பதிலாக மூன்றே உணவுகள். மற்ற இரண்டையும் ஏன் நீக்கினாள் என்று கீழே காரணம் எழுதியிருக்கிறாள். பக்கச்சுவரில் கொடி இல்லை. ஒரு பெரிய கூழ்ப்பானையை வரைந்து, அதற்குள் மிதக்கும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோட்டை இழுத்து, அது எந்தக் கடலைக் கடந்து வந்தது என்று எழுதியிருக்கிறாள். பனையிலிருந்து மாத்திரம் கோடு எங்கும் போகவில்லை. கொடி இல்லாமைக்கு ஆசிரியைக்குத் தனியாக ஒரு பந்தி விளக்கம். புள்ளிகள் இன்னமும் வரவில்லை.

வீட்டில் இப்போதைய சண்டை விலையைப் பற்றியது. முதலில் ஆறு டொலர் என்று எழுதியவள், அம்மம்மாவுடன் தமிழ்க் கடைக்குப் போய் நண்டின் விலையையும் ஒடியல் மாப் பைக்கற்றின் விலையையும் பார்த்த பிறகு அதைப் பதினொரு டொலராக மாற்றிவிட்டாள். ஒரு பிளா கூழுக்குப் பதினொரு டொலரோ என்று எனது தங்கை தலையில் கைவைத்துக்கொண்டு இருக்கிறாளாம். நண்டைப் பாதியாகக் குறைக்கலாமே என்று பேர்த்தி சொன்னதற்கு, அப்படியானால் அந்த வண்டியில் தனது பெயரைச் சொல்ல வேண்டாம் என்று பதில் வந்திருக்கிறது.