சைனைடு மேட்டை அள்ளுமுன் சொல்ல வேண்டிய பதில்கள்

கோலார் தங்க வயலில் 13 சைனைடு மேடுகள் நிற்கின்றன. அவை பரவிக் கிடக்கும் நிலம் 1,003.4 ஏக்கர். அந்த மேடுகளை மறுபடி அள்ளி, மிஞ்சியிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்கலாம் என்ற மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. 2001 பிப்ரவரி 28ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது முதல் வேலைக்காக ஏங்கும் ஊர் இது. ஆகவே செய்தியைக் கேட்டு நம்பிக்கை பிறப்பது இயற்கை. நம்பிக்கையோடு சில கேள்விகளும் பிறக்க வேண்டும்.

மேடு என்பது என்ன? சுரங்கத்திலிருந்து மேலே வந்த கல்லை ஆலையில் மாவாக அரைத்து, சைனைடு கலந்த நீரில் தங்கத்தைக் கரைத்து எடுத்தார்கள். எஞ்சிய சேற்றைக் கொட்டினார்கள். ஜான் டெய்லர் கம்பெனி 1880களில் தொடங்கிய சுரங்கத் தொழில் சுமார் 120 ஆண்டுகள் நடந்ததில் சேர்ந்தது ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன். இதில் ஒரு டன்னுக்கு ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. ஒரு மோதிரத்துக்குப் பல டன் மண்ணைப் புரட்ட வேண்டும். ஆக, இது தங்கத் திட்டம் என்பதைவிட மண் நகர்த்தும் திட்டம் என்பதே பொருத்தம்.

மண்ணை எப்படி நகர்த்துவார்கள்? லாரியில் என்றால் கணக்கு எளிது. லாரிக்குப் பத்து டன் வீதம் 33 லட்சம் லோடு. ஆண்டுக்கு 300 நாள் என்று பத்து ஆண்டுகள் அள்ளினாலும் தினம் 1,100 லோடு. போக வர 2,200 நடை. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் வீதியையும் ஆண்டர்சன்பேட்டைச் சாலையையும் பார்த்தவர்களுக்கு மேலும் விளக்கம் தேவையில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்தச் சாலைகளில் ஒரு லாரி நின்றாலே போதும்.

லாரி இல்லாமலும் செய்யலாம். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரைச் சுற்றியிருந்த இதே மாதிரி மேடுகளை 1970களின் பிற்பகுதியிலிருந்து கரைத்து வருகிறார்கள். வேகமாகப் பீய்ச்சும் நீரால் மேட்டைச் சேறாக்கி, குழாய் வழியே ஆலைக்கு அனுப்புகிறார்கள். தூசியும் குறைவு, சாலை நெரிசலும் இல்லை. ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும். கோலார் மாவட்டத்தில் தண்ணீரா? பெங்களூரின் சுத்திகரித்த கழிவு நீரை 2018 முதல் குழாய் போட்டுக் கொண்டுவந்து ஏரிகளை நிரப்பும் மாவட்டம் இது. தங்க வயலின் குடிநீருக்கோ பாலாற்றின் பேத்தமங்கலா ஏரியை நம்பித்தான் நூறாண்டுக்கு முன்பே குழாய் பதித்தார்கள். ஆலைக்கு எந்த நீர் என்பது முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி, தங்கம் எடுத்த பிறகு மண் எங்கே போகும் என்பது. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக எடுத்துவிட்டால் மண்ணின் அளவு குறைந்துவிடாது. ஜோகன்னஸ்பர்க்கிலும் மேடுகள் மறையவில்லை; ஊருக்கு வெளியே ஒரு பெரிய மேடாக இடம் மாறின. இங்கே அந்தப் புது இடம் எது? அதன் அடியில் கசிவைத் தடுக்கும் படுகை உண்டா? மழையில் கரையாமல் காப்பது யார்?

சைனைடு என்ற பெயரைக் கேட்டே பலர் அஞ்சுகிறார்கள். பழைய மேட்டில் உள்ள சைனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் பெரும்பகுதி சிதைந்துவிடும். அஞ்ச வேண்டியது வேறு. மாவாக அரைத்த கல் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். சுரங்கத்தில் இறங்கியவர்கள் அந்த நோயோடு வாழ்ந்ததைப் பார்த்த குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆடிக் காற்றில் மேட்டிலிருந்து கிளம்பும் வெண்புழுதி லைன் வீடுகளின் சோற்றுப் பானை வரை வருவது புதிதல்ல. இறுகிக் கிடக்கும் மேட்டைக் கிளறினால் அது கூடும். தவிர, மிச்சத் தங்கத்தைப் பிரிக்கப் பெரும்பாலும் சைனைடையே திரும்பப் பயன்படுத்துவார்கள். பழைய சைனைடு போய்ப் புது சைனைடு வரும்.

மேடு போனால் நிலம் காலியாகும். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டியதே இதுதான். பெங்களூர்-சென்னை விரைவுச் சாலை பேத்தமங்கலா பக்கமாகவே போகிறது. நிலத்தின் மதிப்பு இனி ஏறத்தான் செய்யும். ஆலைகளோ, குடியிருப்பு மனைகளோ எதுவும் அங்கே வரலாம். அதே நேரம், மூன்று தலைமுறையாக லைன் வீட்டில் குடியிருப்பவர்களில் பலர் அந்த வீட்டுக்கு முழு உரிமைப் பத்திரம் கேட்டு அலைகிறார்கள். வீட்டு உரிமையை முடிக்காமல் நிலத்தை முதலில் காலி செய்தால், இடைஞ்சலாகக் கருதப்படப் போவது இந்த வீடுகள்தான்.

மறுபக்கமும் உண்டு. விடியுமுன் மாரிகுப்பத்தில் புறப்படும் ரயிலில் நெருக்கியடித்து, சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஆளேற்றிக்கொண்டு, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய் இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானோருக்கு, உள்ளூரில் ஒரு வேலை என்பது தினம் சில மணி நேரத் தூக்கம். அதை ஏளனமாக ஒதுக்க முடியாது. ஆனால் இயந்திரம் வைத்து மண் அள்ளும் தொழிலில் எத்தனை பேருக்கு வேலை, அதில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர், நிரந்தரமா காண்ட்ராக்டா என்பது எழுத்தில் வர வேண்டும்.

ஊரைக் கேட்காமல் ஊரைப் பற்றிப் பேசுவது இங்கே பழைய வழக்கம். 2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கு நடந்தபோது, அணுக்கழிவைக் கோலார் தங்கச் சுரங்கத்தில் வைக்கலாம் என்று மத்திய அரசு தரப்பில் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. தங்க வயல் மக்கள் தெருவில் இறங்கிய பிறகே, அப்படி உத்தேசம் இல்லை என்ற விளக்கம் வந்தது.

இம்முறை கேட்க வைக்க வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, இத்தகைய பெரிய சுரங்கத் திட்டங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். முப்பது நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும், மாநில ஆட்சிமொழி அல்லது வட்டார மொழியிலும் தர வேண்டும். தங்க வயலின் முதியவர்களில் பலர் படிப்பது தமிழ். கன்னடப் பிரதியோடு தமிழ்ப் பிரதியும் கேட்பது நியாயமான கோரிக்கை. யாருக்கும் எதிரான கோரிக்கை அல்ல.

கூட்டத்தை வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு வைத்தால், ஊரில் பாதிப்பேர் பெங்களூரில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வைக்கும்படி இப்போதே மாவட்ட ஆட்சியருக்கு எழுதலாம். வர முடியாதவர்கள் ஆட்சேபத்தை வாரியத்துக்கு எழுத்தில் அனுப்பவும் அந்த அறிவிக்கையில் இடமுண்டு.