ஆஸ்திரேலியா பம்பர், நம்ம ஊர் ரோடு

மக்களே, கொஞ்சம் நீளமான த்ரெட். ஹைலக்ஸ், வி-க்ராஸ் வெச்சிருக்கவங்க, வாங்க ஆசைப்படறவங்க, பொலிரோ கேம்பரை லேண்ட் க்ரூஸர் மாதிரி மாத்தி ரீல்ஸ் போடறவங்க, எல்லாரும் படிங்க. முக்கியமா வண்டிக்கு முன்னாடி இரும்பு பம்பர் மாட்டினவங்க.

எனக்கும் இந்த வண்டிங்க மேல ஆசை உண்டு. அரசு மருத்துவர் சம்பளத்துல ஹைலக்ஸ் வாங்கறது கஷ்டம்ங்கறது வேற கதை. அதனால "டாக்டருக்குப் பொறாமை"ன்னு கமெண்ட்ல வராதீங்க.

இந்த ஆசை நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவுல இப்போ ஹைலக்ஸ் விக்கறதே இல்லை. அவங்க ஊர் கோழிக்கு ஐரோப்பா வரி போட்டதுக்குப் பதிலடியா, 1964ல வெளிநாட்டு பிக்கப்களுக்கு 25% வரி போட்டாங்க. பேரே "கோழி வரி"தான். கோழிச் சண்டை எப்பவோ முடிஞ்சுது, வரி இன்னும் இருக்கு. அதோட அமெரிக்கப் பாதுகாப்பு விதிக்கு ஒத்துவராத வண்டின்னா, செஞ்சு 25 வருஷம் ஆனாத்தான் உள்ளே விடுவாங்க. அதனால அங்க இருக்கற பிரியர்கள் வண்டியோட 25வது பிறந்தநாளுக்குக் காத்திருந்து கப்பல்ல ஏத்தறாங்க.

நம்ம விதி நேர் எதிர். பழைய வண்டியை இறக்குமதி பண்ணணும்னா, செஞ்சு 3 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது. 90கள்ல வந்த லேண்ட் க்ரூஸர் பிக்கப் மேல கனவு இருந்தா, அது கனவாவே இருக்கும்.

சரி, கொண்டுவர முடியலைன்னா இங்கயே செஞ்சுடலாம்னு நம்ம ஆளுங்க இறங்கிட்டாங்க. வி-க்ராஸ் 2016லிருந்து நம்ம எல்லைக்குப் பக்கத்துல ஸ்ரீசிட்டியிலயே தயாராகுது. ஹைலக்ஸ் 2022ல வந்தது. வண்டியை வாங்கி, உயரத்தைத் தூக்கி, பெரிய டயர் போட்டு, முன்னாடி பட்டறையில வெல்டிங் பண்ணின இரும்புக் குழாய் பம்பர். ஆஸ்திரேலியா மாடல் ரெடி.

இங்கதான் எனக்குப் பிரச்சனை. தோற்றத்தை மட்டும் எடுத்துக்கறோம். அது ஏன் அங்க இருக்குங்கறதை அங்கயே விட்டுட்டு வர்றோம்.

ஆஸ்திரேலியாவுல ஆளே இல்லாத ரோட்டுல நூத்துக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுவாங்க. கங்காரு பாஞ்சு ரேடியேட்டர் உடைஞ்சா தண்ணிகூட இல்லாம நிக்கணும். அதுக்குத்தான் அந்த பம்பர். அதுக்குன்னு தனித் தர விதியே வெச்சிருக்காங்க. ஏர்பேக் வேலையைக் கெடுக்காத மாதிரி சோதிச்சு விக்கற கம்பெனிகளும் இருக்கு. ஐரோப்பாவுல, நடந்து போறவங்களுக்கு எவ்வளவு அடி படும்னு சோதனை பண்ணித்தான் அனுமதியே.

நம்ம ரோட்டுல வண்டிக்கு முன்னாடி இருக்கறது கங்காரு இல்லை. டீ குடிச்சிட்டு ரோட்டைத் தாண்டற பெரியவர். எக்ஸெல் சூப்பர்ல காய்கறி மூட்டையோட போற அண்ணன். 2022ல இந்தியாவுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல பத்துல ஆறு பேருக்கு மேல டூ-வீலர்ல போனவங்களும் நடந்து போனவங்களும்தான்.

உடம்புல என்ன நடக்குதுன்னு சொல்றேன். தாழ்வான கார் மோதினா, முதல்ல முழங்காலுக்குப் பக்கத்துல அடி. கால் உடையும். ஆள் பானட் மேல சாய்வார். மோசமான காயம்தான், ஆனா பல பேரைக் காப்பாத்திடலாம்.

உயரமான, நெட்டுக்குத்தான முகப்பு மோதினா கதையே வேற. அடி நேரா இடுப்புல, வயித்துல, நெஞ்சுல விழும். சின்னப் பிள்ளைன்னா தலையில. மேல சாய இடமில்லாததால ஆளை முன்னாடி கீழ தள்ளும். அப்புறம் சக்கரம். முகப்பு ஒரு மீட்டருக்கு மேல இருக்கற வண்டிகள் மோதினா, தாழ்ந்து சரிஞ்ச முகப்பு கார்களைவிட நடந்து போறவர் சாகற வாய்ப்பு சுமார் 45% கூடுதல்னு அமெரிக்காவோட ஐ.ஐ.எச்.எஸ். 2023ல சொல்லிச்சு. இது கம்பெனியிலிருந்து வர்ற வண்டிகளோட கணக்கு. அதுக்கு மேல நீங்க இரும்பு வேற மாட்டறீங்க.

இடுப்பெலும்பு உடைஞ்சா உள்ளுக்குள்ள லிட்டர் கணக்குல ரத்தம் போகும். வெளியே ஒரு சொட்டு தெரியாது. "பேசிட்டுத்தான் சார் இருந்தார்"னு கூட்டிட்டு வருவாங்க. பல்ஸ் பார்த்தா 140. அப்படி யாரையாவது ரோட்டுல பார்த்தா புரட்டாதீங்க, உட்கார வைக்காதீங்க. தொடை இடுப்போட சேர்ற மட்டத்துல வேட்டியோ போர்வையோ சுத்தி இறுக்கிக் கட்டி, 108ஐக் கூப்பிடுங்க.

"ஓட்டறவனுக்காவது சேஃப்டி இருக்கே டாக்டர்?" அதுவும் இல்லை. வண்டியோட முன்பக்கம் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. ஏர்பேக் எப்ப விரியணும்னு சென்சார் முடிவு பண்றதும் அந்த நசுங்கற விதத்தை வெச்சுத்தான். சேசிஸ்ல இரும்பை இறுக்கிட்டா கணக்கு மாறிடும். ஏர்பேக் லேட்டா விரியலாம், தேவையில்லாம விரியலாம். நசுங்காத வண்டியோட அதிர்ச்சி உங்க நெஞ்சுக்கும் கழுத்துக்கும் வரும்.

டயரைப் பத்தியும் ஒரு வார்த்தை. விட்டம் 10% பெருசானா, மீட்டர் 80 காட்டும்போது நீங்க போறது 88. வண்டியைத் தூக்கினா ஹெட்லைட்டும் தூக்கிக்கும். எதிர்ல வர்ற பைக்காரருக்குக் கண்ணே தெரியாது. ஸ்னார்க்கெல் மேல மட்டும் எனக்குக் கோபம் இல்லை. ஏரிக்குள்ள இறங்கப் போறதா நினைச்சு மாட்டறீங்க, போகட்டும்.

சட்டம் தெரியாதுன்னு சொல்ல முடியாது. இந்த பம்பர்களை எடுக்கச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பர்லயே மாநிலங்களுக்கு எழுதிடுச்சு. கம்பெனி கொடுத்த அமைப்புக்கும் ஆர்.சி. புக்குக்கும் மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019ல சொன்னது. மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா 6 மாசம் வரை சிறை, ரெண்டும்கூட ஆகலாம். அபராதத்தை நான் பெருசா நம்பலை. 33 லட்சம் கொடுத்தவருக்கு அஞ்சாயிரம் ஒரு தொகையா? செக்போஸ்ட்லயே நிறுத்திக் கழட்டச் சொல்லணும். பட்டறைக்காரரையும் கேக்கணும்.

"எங்க ஊர்ல காட்டுப்பன்னி குறுக்க வருது சார், அப்ப என்ன பண்றது?" நியாயமான கேள்விதான். ராத்திரி காட்டு ரோட்டுல 50க்கு மேல போகாதீங்க. பன்னிக்காக மாட்டின பம்பர் காலையில ஸ்கூல் வாசல்லயும் அங்கதான் இருக்கும்.

உங்க வண்டியில இருக்குன்னா இந்த ஞாயித்துக்கிழமை மாட்டின பட்டறைக்கே எடுத்துட்டுப் போங்க. பெரும்பாலும் சேசிஸ்ல நாலஞ்சு போல்ட்தான். கழட்ட அரை மணி நேரம்கூட ஆகாது.