மலை இறங்கும்வரை செப்சிஸ் காத்திருக்காது

கம்பம்மெட்டைச் சுற்றியுள்ள ஏலத்தோட்டங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் முற்றி, கைகால் சில்லிட்டு, பேச்சு குழறினால் எல்லோர் வாயிலும் வருவது ஒரே சொல்தான்: "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க." கீழே இறங்கினால் கம்பம், அதையும் தாண்டி க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி. கேரளத்துக்குள் போனால் நெடுங்கண்டம், பிறகு இடுக்கி மருத்துவக் கல்லூரி. எந்தப் பக்கம் போனாலும் வளைவும் ஏற்ற இறக்கமுமான மலைப்பாதைதான்.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஊறிப்போன ஒரு கருத்து இருக்கிறது. செப்சிஸ் என்பது ஐசியூ வைத்திருக்கும் மருத்துவமனைகளின் வேலை. சிறு மருத்துவமனைச் செவிலியர் அதில் செய்வதற்கு எதுவும் இல்லை. செவிலியப் பராமரிப்புத் திட்டம் என்பது நர்சிங் மாணவிகள் மதிப்பெண்ணுக்காக எழுதும் காகிதம். படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை உயிரைக் குடிக்கிறது. எனவே இதன் ஒவ்வொரு கூறையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நோயாளியின் உறவினர்கள் "கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு" என்பார்கள். நடப்பது அதைவிடப் பெரியது. கிருமியை எதிர்க்க எழுந்த உடம்பின் தற்காப்பே கட்டுமீறித் தன் சொந்த உறுப்புகளைச் சிதைக்கிறது. 2016இல் வகுக்கப்பட்ட வரையறை இதைத்தான் சொல்கிறது. 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 4.89 கோடிப் பேருக்குச் செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் அதன் தொடர்பில் இறந்தார்கள் என்பது லான்செட் இதழில் வெளியான மதிப்பீடு. அதே 2017இல் உலக சுகாதார சபை செப்சிஸைத் தடுப்பதற்கும் கண்டறிவதற்கும் தனித் தீர்மானம் நிறைவேற்றியது.

1. "பெரிய கருவிகள் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது"

இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வு, கழுத்து நரம்பில் சிறப்புக் குழாய் செருகி ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து கண்காணித்தால் இறப்பு குறைகிறது என்று காட்டியது. உலகமே அதைப் பின்பற்றியது. ஆனால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளை மையமாகக் கொண்டு நடந்து 2014, 2015 ஆண்டுகளில் வெளியான மூன்று பெரிய ஆய்வுகள் அந்தக் குழாயால் கூடுதல் உயிர்கள் காப்பாற்றப்படவில்லை என்று கண்டன. சீக்கிரம் கண்டுபிடித்து, சீக்கிரம் ஆன்டிபயாடிக் கொடுத்து, திரவம் ஏற்றி, பக்கத்தில் இருந்து கவனித்த நோயாளிகளும் அதே அளவில் பிழைத்தார்கள்.

தென் அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் எளிய முறை ஒன்றைச் சோதித்தது. விரல் நுனியைப் பத்து விநாடி அழுத்தி விட்டு, மூன்று விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா என்று பார்க்கும் முறை அது. அதை வழிகாட்டியாகக் கொண்ட பிரிவில் 34.9 சதவீதம் பேர் இறந்தார்கள். ரத்த லாக்டேட் அளவை நம்பிய பிரிவில் 43.4 சதவீதம் பேர். இந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானது அல்ல. ஆனாலும் லாக்டேட் கருவி இல்லை என்பதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பது தெளிவாகிவிட்டது. இதற்கு ஒரு விரலும் ஒரு கடிகாரமும் போதும்.

2. "காய்ச்சல் இல்லை, பிரஷரும் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை"

வயதானவர்களுக்கும் உடல் தளர்ந்தவர்களுக்கும் செப்சிஸில் உடம்பு சுடாமலே இருக்கலாம். வெப்பம் 36 டிகிரிக்குக் கீழேகூட இறங்கலாம். ரத்த அழுத்தம் பெரும்பாலும் கடைசியில்தான் விழும். அதற்கு முன்பே மூச்சின் வேகம் கூடும், சிறுநீர் குறையும், நோயாளி தன் பிள்ளையின் பெயரை மாற்றிச் சொல்வார். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணாமல் பழக்கத்தில் 20 என்று எழுதிவிட்டால் முதல் எச்சரிக்கையே தொலைந்துபோகிறது. நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் என்றால் விழித்துக்கொள்ள வேண்டும்.

அழுத்தத்திலும் மேல் எண்ணை மட்டும் பார்ப்பது ஏமாற்றும். கீழ் எண்ணை இரட்டித்து, மேல் எண்ணோடு கூட்டி, மூன்றால் வகுத்தால் வருவது சராசரி அழுத்தம். அது 65க்குக் குறையக் கூடாது. 90/50 உள்ளவருக்குச் சராசரி 63தான். 84/56 உள்ளவருக்கு 65. மேல் எண் 90 இருக்கிறதே என்று நிம்மதியாக விடப்படுபவரே இந்த இருவரில் அதிக ஆபத்தில் இருக்கிறார்.

3. "முதலில் அனுப்புவோம், மருந்தை அங்கே பார்த்துக்கொள்வார்கள்"

உயிருக்கு மிகவும் ஆபத்தான வாதம் இதுதான். செப்சிஸ் முற்றி அழுத்தம் விழும் செப்டிக் ஷாக் என்றால் கண்டுபிடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போக வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. நியூயார்க் மாநிலத்தில் 2012இல் ரோரி ஸ்டான்டன் என்ற 12 வயதுச் சிறுவன் செப்சிஸில் இறந்த பிறகு, மறு ஆண்டு எல்லா மருத்துவமனைகளுக்கும் நடைமுறை விதிகள் கட்டாயமாக்கப்பட்டன. அங்கே 149 மருத்துவமனைகளின் 49,331 நோயாளிகளை ஆராய்ந்தபோது, முதற்கட்டச் சிகிச்சை தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இறக்கும் சாத்தியம் ஏறத்தாழ 4 சதவீதம் கூடியது தெரிந்தது.

மருத்துவர் கையெழுத்திட்ட நிலையான உத்தரவு முன்கூட்டியே இருந்தால், செவிலியர் நரம்பு ஊசி போட்டு, கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து, முதல் டோஸைக் கொடுத்துவிட்டே நோயாளியை 108இல் ஏற்றலாம். அழுத்தம் ஏறாவிட்டால் நார்அட்ரினலின் தொடங்குவதற்குக் கழுத்துக் குழாய்க்காகக் காத்திருக்க வேண்டாம். முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ உள்ள நல்ல நரம்பில் கொஞ்ச நேரத்துக்குத் தொடங்கலாம் என்று அதே வழிகாட்டுதல் இடம் தருகிறது. அந்த ஊசி போட்ட இடம் வீங்குகிறதா, வெளுக்கிறதா என்று கண் எடுக்காமல் பார்ப்பது செவிலியரின் பொறுப்பு.

எந்த மருந்து என்பதிலும் செவிலியரின் கண்ணுக்குப் பங்குண்டு. தமிழகத்திலும் கேரளத்திலும் காணப்படும் ஸ்க்ரப் டைஃபஸ், புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணிகளின் கடியால் வருவது. விலையுயர்ந்த பெனிசிலின் வகை மருந்துகளும் மெரோபெனமும் அதற்குப் பயன்படாது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்றவைதான் வேண்டும். வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, தீவிர ஸ்க்ரப் டைஃபஸுக்கு இவ்விரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பதே தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று காட்டியது. இந்த நோயின் அடையாளம் வலிக்காத சிறு கருந்தழும்பு. அக்குளிலோ, மார்புக்கு அடியிலோ, தொடையிடுக்கிலோ மறைந்திருக்கும். தோட்ட வேலைக்குப் போகும் பெண் கூச்சத்தில் தானாகச் சொல்லமாட்டார். திரைபோட்டு, "அக்கா, ஒரு நிமிஷம் பாத்துக்கிறேன்" என்று கேட்டுத் தேடும் செவிலியர்தான் அதைக் கண்டுபிடிப்பார்.

4. "பாட்டில் ஏற்றினால் சரியாகிவிடும்"

"ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்பது நம் ஊர் வழக்கம். குளுக்கோஸ் பாட்டிலின் நீர் ரத்தக் குழாயில் நிற்காது. அழுத்தத்தைத் தூக்க ரிங்கர் லாக்டேட் போன்ற உப்புத் திரவம் வேண்டும். கிலோவுக்கு 30 மில்லி என்ற கணக்கில் 50 கிலோ பெண்ணுக்கு முதல் மூன்று மணி நேரத்தில் 1,500 மில்லி, அதாவது அரை லிட்டர் பாட்டில் மூன்று.

ஆனால் கணக்கைப் பார்த்து ஏற்றிக்கொண்டே போவதும் ஆபத்துதான். ஜாம்பியாவில் அழுத்தம் விழுந்த செப்சிஸ் நோயாளிகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், முறைவகுத்து அதிகத் திரவம் கொடுத்த பிரிவில் 48.1 சதவீதம் பேர் இறந்தார்கள். வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 33 சதவீதம். அங்கே பலர் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள், வென்டிலேட்டர் வசதியும் குறைவு என்பது உண்மை. வசதி குறைந்த இடத்தில் திரவத்தை எவ்வளவு கவனமாகக் கொடுக்க வேண்டும் என்பதற்கு அதுவே பாடம். ஒவ்வொரு பாட்டிலுக்குப் பிறகும் மூச்சை எண்ணி, நெஞ்சைக் கேட்டு, ஆக்சிஜன் அளவைப் பார்த்து அடுத்ததைத் தொடங்குவதா நிறுத்துவதா என்று மருத்துவரிடம் சொல்ல ஓர் ஆள் வேண்டும். 50 கிலோ எடை உள்ளவருக்கு மணிக்கு 25 மில்லி சிறுநீர்கூட வரவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

5. "பராமரிப்புத் திட்டம் வெறும் காகிதம்"

மேலே சொன்ன ஒவ்வொன்றையும் யார், எப்போது, எந்த அளவைக் கண்டால் செய்வது என்று எழுதி வைப்பதுதான் பராமரிப்புத் திட்டம். "திசுக்களுக்கு ரத்தவோட்டக் குறைவு" என்று மட்டும் எழுதினால் அது காகிதம்தான். "15 நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம், சராசரி 65க்குக் கீழே போனால் உடனே மருத்துவருக்கு அழைப்பு, மணிக்கொருமுறை சிறுநீர், சர்க்கரை அளவு, படுக்கையின் தலைப்பக்கம் 30 டிகிரி உயரம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல்" என்று எழுதினால் அது சிகிச்சை.

எல்லைப்புறத்தில் இந்தத் தாளுக்கு இன்னொரு பயன் உண்டு. காலையில் ஜீப்பில் ஏறிக் கேரளத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர் மாலையில் தமிழக மருத்துவமனையில் சேரலாம். முதல் ஊசி போட்ட நேரம், மருந்தின் அளவு, ஏறிய திரவம், வந்த சிறுநீர், அழுத்தத்தின் வரிசை எல்லாம் எழுதிய ஒரு தாள் கூடவே போனால், மலையாளத்தில் தொடங்கிய சிகிச்சை தமிழில் தொடரும். தாள் இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், அல்லது அதே மருந்து இருமுறை போகும்.

6. "செவிலியர் எண்ணிக்கையே போதாது"

இந்த ஒரு வாதத்தில் உண்மை இருக்கிறது. இரவுப் பணியில் ஒரே செவிலியர் ஒரு வார்டு முழுவதையும் பார்க்கும் நிலையில் 15 நிமிடக் கண்காணிப்பு எளிதல்ல. அதற்குத் தீர்வு பணியிடங்களை நிரப்புவதுதான். அதுவரைக்கும், ஆள் குறைவான இடத்தில்தான் யாரை முதலில் பார்ப்பது என்று சொல்லும் திட்டம் அதிகம் தேவைப்படுகிறது. வென்டிலேட்டரும் டயாலிசிஸும் சிறு மருத்துவமனையில் இல்லை, பலரை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. சிகிச்சையைத் தொடங்காமல் அனுப்புவதைத்தான் மறுக்கிறோம்.

தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் செய்ய வேண்டியது மூன்று. எல்லையோர மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மருத்துவர் கையெழுத்திட்ட செப்சிஸ் நிலையான உத்தரவு சுவரில் இருக்க வேண்டும். முதல் டோஸ் மருந்துகள் இரவிலும் செவிலியரின் கைக்கு எட்டும் அலமாரியில் இருக்க வேண்டும். இரு மாநிலங்களுக்கும் பொதுவான, நோயாளியோடு கூடவே போகும் ஒரே மாற்றுத்தாள் வேண்டும். இவற்றுக்குப் புதுக் கட்டடம் தேவையில்லை.

தோட்டத்துக்குப் போகும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சலோடு மூச்சு வாங்கினால், சிறுநீர் நின்றால், பேச்சு மாறினால், மலை இறங்கப் புறப்படுவதற்கு முன் பக்கத்து மருத்துவமனையில் நிறுத்துங்கள். "சிஸ்டர், இது செப்சிஸா பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.